முன்டயர்கள் இரண்டு

மலையூர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் ஜீப் ஒன்று இருந்தது. அதன் முன்டயர்கள் இரண்டுக்கும் ஒத்தே வராது. இடது டயர் காற்றை நிறைய அடைத்துக்கொண்டு கல்லைப்போல் விறைத்திருக்கும். வலது டயரோ ஆற்றுமணலில் போவதற்காகக் காற்றை இறக்கிய நாளிலிருந்து தொளதொளவென்றே கிடந்தது.

"சோம்பேறி! உன்னாலதான் வண்டி வலப்பக்கமே இழுக்குது" என்றது இடது.

"நீ மட்டும் என்னவாம்? சின்னக் கல்லுக்கும் துள்ளிப் பிள்ளைங்களைத் தூக்கிப் போடுறே" என்றது வலது.

ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி ஓட்டுநர் செங்கமலத்துக்குக் கை வலித்தது. ஒருநாள் காலை வண்டியை எடுப்பதற்கு முன்பே, கதவோரம் ஒட்டியிருந்த காற்றழுத்த அளவைப் பார்த்து, இடதில் காற்றை இறக்கினாள், வலதில் ஏற்றினாள்.

"ஐயோ, என் கம்பீரம் போச்சே!" என்று அலறியது இடது.

"என் சுகம் போச்சே!" என்று முனகியது வலது.

மழையில் நனைந்த இறக்கத்தில் ஜீப் திரும்பியபோது, சாலை நடுவே ஒரு கன்றுக்குட்டி நின்றது. செங்கமலம் பிரேக்கை அழுத்தினாள். இரண்டு டயர்களும் ஒரே நொடியில் தரையைக் கவ்வின. வண்டி கொஞ்சமும் விலகாமல் நேராகப் போய், கன்றின் மூக்குக்கு முன்னால் நின்றது.

"சூப்பர் அக்கா!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

இடது மூச்சிரைக்கக் கேட்டது: "முதல்ல பிடிச்சது நீயா, நானா?"

"தெரியலையே!"

"எனக்கும் தெரியலை!" என்று இடது வாய்விட்டுச் சிரித்தது.

கன்று ஒதுங்கியதும், இரண்டு டயர்களும் ஒரே வேகத்தில் உருண்டு பள்ளிக்கூட வாசலை அடைந்தன.