நாற்பது டிகிரி

திரையில் இரண்டாவது கோடும் முதல் கோட்டின் மேலேயே போய்ப் படுத்துக்கொண்டது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கணினியை ஓங்கி ஒன்று வைத்திருப்பேன், அது பல்கலைக்கழகத்துடையது.

கீழே, ஹீலியத்தின் கடுங்குளிரில், சுண்டுவிரல் நகமளவு அம்பர் தொங்கிக்கொண்டிருந்தது. வட ஸ்பெயினின் கான்டாப்ரியா மலையில் தோண்டியெடுத்தது. ஏதோ ஒரு மரத்தின் பிசின், பதினொரு கோடி வருடம் மண்ணுக்குள் கிடந்து கண்ணாடியாகியிருந்தது.

அவ்வளவு காலம் கிடந்த கண்ணாடி உள்ளுக்குள் அடங்கிப்போயிருக்க வேண்டும், கடுங்குளிரில் இளங்கண்ணாடியைவிடக் குறைவாகவே வெப்பத்தை வாங்க வேண்டும் என்பது என் கட்சி. இதைச் சொல்லித்தான் மாட்ரிட்டில் சம்பளம் வாங்குகிறேன்.

அதனால் முதலில் கிழத்தை அளந்தேன். பிறகு மாடியிலிருக்கும் உலையில் நூற்றறுபது டிகிரிக்குச் சூடாக்கினேன். அந்தச் சூட்டில் அம்பர் தன் வயதையெல்லாம் மறந்து நேற்றுப் பிறந்த கண்ணாடியாகிவிடும். திரும்பக் கிழமாக்க முடியாது. அருங்காட்சியகம் கொடுத்ததும் இந்த ஒரு துண்டுதான்.

மறுபடி அளந்தால், கிழத்துக்கும் குழந்தைக்கும் ஒரே கோடு.

கம்பி, வெப்பமானி, பசை, எல்லாவற்றையும் சோதித்தாயிற்று. எதிலும் குறையில்லை. ஜூனில் என் ஒப்பந்தம் முடிகிறது. 'வயதால் ஒரு வித்தியாசமும் இல்லை' என்று எழுதிவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மத்தியானம் மூன்று மணிக்குப் பக்கத்து மேஜை ஃபெர்மின் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தான். 'உணவு வைக்கக் கூடாது' என்று ஒட்டியிருக்கிற, ஆய்வகத்தின் உலர்த்தும் அடுப்பில்தான் தினமும் சூடாக்குவான். கேன்டீன் வரிசையில் நிற்க அவனுக்குப் பொறுமை கிடையாது.

"மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டா கோடு பயந்து நகர்ந்துருமா நுரியா? வா, சாப்பிடு. எங்கம்மா செஞ்ச எம்பனாடா."

சூடானதும் அடுப்பைத் திறந்தான். மாவுக்குள் மூடிச் சுட்ட மீனின் வாசத்துக்கு மேலே மாதா கோவில் சாம்பிராணி மாதிரி ஒன்று குப்பென்று வந்தது. உங்கம்மா இதில் என்னதான் போடுகிறார் என்று கேட்டேன்.

"எங்கம்மாவ ஏன் இழுக்குற? அது அடுப்போட வாசம். ஜனவரியில ஒருநாள் ஆரம்பிச்சுது, இன்னும் போன பாடில்ல."

சொல்லிக்கொண்டே குமிழைக் கவனமாகத் திருப்பிப் பழையபடி நாற்பதில் வைத்தான். அடுத்தவர் வேலையைக் கெடுக்காத நல்ல பையன்.

என் அம்பர் இந்த அடுப்பில் ஒரே ஒரு பகல்தான் இருந்தது. ஜனவரியில், முதல் அளவைக்கு முன்னால், ஈரம் போவதற்காக, கீழ்த்தட்டில் அலுமினியத் தாளுக்குள் வைத்திருந்தேன். நாற்பது டிகிரி போதும். வைத்துவிட்டு வகுப்பெடுக்கப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தபோது குமிழ் நாற்பதில்தான் இருந்தது.

"எத்தனையில சூடாக்குவ?"

"நூத்தியெண்பது. அப்பதான் மொறுமொறுன்னு இருக்கும்."

திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. முதல் கோட்டுக்கு 'பதினொரு கோடி' என்று பெயர் வைத்திருந்தேன்.

கிழத்தை நான் அளக்கவே இல்லை.

ஃபெர்மின் பெரிய துண்டாகப் பார்த்து என்னிடம் நீட்டினான். வாங்கிக் கடித்தேன். மொறுமொறுவென்றுதான் இருந்தது.