கேட் திறக்காது

“காத்து பலமா இருக்கு. வண்டி உள்ள போகக்கூடாது.”

குப்பைக் கிடங்கின் கேட்டைப் பூட்டி, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் காவலாளி. முதல் லாரியின் டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்தான். ஓர் இலைகூட அசையவில்லை.

“எங்கக்கா காத்து?”

“பலமா காத்தடிச்சா குப்பை கொட்டக்கூடாதுன்னு அரசாங்க விதி. போர்டைப் படி.”

பின்னால் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. வெயிலில் குப்பை நாறியது. வேலை செய்ய உடம்பு வளையல, அதுக்கு ஒரு சட்டம் என்று டிரைவர் முணுமுணுத்தான்.

கிடங்கு அதிகாரி அவள் போனில் வந்தார். அவர் போட்ட சத்தம் லாரி வரைக்கும் கேட்டது.

“எனக்கே சட்டம் சொல்றியா?”

“போர்டுல உங்க கையெழுத்துதான் சார் இருக்கு.”

“சஸ்பெண்ட் பண்ணிடுவேன்.”

“பண்ணுங்க சார். கேட் திறக்காது.”

அப்படி உள்ளே என்னதான் நடக்கிறது? டிரைவர் வேலியைச் சுற்றிக்கொண்டு போனான்.

காலையில் கொட்டிய குவியலை, குப்பை பொறுக்கும் பெண்கள் கையால் கிளறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நல்ல புடவை கட்டிய ஓர் அம்மா, முழங்கால் வரை குப்பையில்.

“என்னம்மா தேடறீங்க?”

அந்த அம்மா திரும்பவில்லை.

“அவங்களுக்குக் கேக்காது,” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “காது மெஷினைத் தெரியாம காகிதத்தோட சுருட்டிப் போட்டுட்டாங்க. அவங்க தெருக் குப்பை இதுதான். மேல ஒரு லோடு விழுந்தா அவ்வளவுதான்.”

“வீட்ல சொல்லி வேற வாங்கலாமே?”

“தொலைச்சா செவிடாவே கிடன்னு புருஷன் சொல்லியிருக்காராம்.”

டிரைவர் லாரிக்குத் திரும்பி வந்தான்.

அதற்குள் அதிகாரியே ஜீப்பில் வந்து இறங்கியிருந்தார்.

“டேய், கேட்டை இடிச்சுக்கிட்டு உள்ள போ. நான் பாத்துக்கறேன்.”

டிரைவர் ஏறினான். லாரியை ஒடித்துத் திருப்பி, கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தினான். இறங்கி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“ஸ்டார்ட் ஆகல சார்.”

“உனக்கும் வேலை போச்சு,” என்று கத்திவிட்டு, வேறு டிரைவரைத் தேடி வரிசையின் கடைசிக்கு நடந்தார் அதிகாரி.

டிரைவர் காவலாளியிடம் குனிந்து கேட்டான்.

“ஏங்க்கா, உள்ள இருக்கிற அம்மா உங்களுக்கு என்ன உறவு?”

“எனக்கு உறவே இல்ல தம்பி.” அவள் அதிகாரியின் முதுகைப் பார்த்தாள். “அவருக்குத்தான் சம்சாரம்.”