நாப்லாவின் குதிரை

அயர்லாந்தின் கானமாராவில், மழைக்கு ஒதுங்கியதாகச் சொல்லிக்கொண்டு, நாங்கள் ஆறேழு பேர் கொல்லர் ஃபெஸ்டஸின் பட்டறை வாசலை அடைத்து நிற்கிறோம். மழை எப்போதோ விட்டுவிட்டது. உள்ளே அவர் மகள் நாப்லா குதிரையைப் பிடித்தபடி நிற்கிறாள். குத்தகைப் பாக்கிக்காக நிலக்காரத் துரை ஒரு விதவையை விரட்டிய நிலத்தை நாப்லாவின் புருஷன் எடுத்துக்கொண்டதிலிருந்து, அந்த வீட்டுக்கு ஊரில் யாரும் ஒரு வேலையும் செய்வதில்லை. “நாளைக்கு உழணும்பா. ஒரே ஒரு லாடம்தான்,” என்கிறாள். ஃபெஸ்டஸ் துருத்தியை இழுக்கிறார். கரி மூச்சுவிட்டுச் சிவக்கிறது, உள்ளே லாடமும் சிவக்கிறது. “பெத்த பாசம் நல்லாத்தான் காயுது,” என்கிறான் என் பக்கத்தில் நிற்கும் தையல்காரன். நாலு பேர் சிரிக்கிறார்கள், நானும்தான். குறடு லாடத்தைத் தூக்குகிறது. ஃபெஸ்டஸ் குதிரையின் காலைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்க்கிறார். பிறகு லாடத்தைத் தொட்டித் தண்ணீரில் போடுகிறார். சீறி எழும் ஆவியில் அப்பன் முகமும் மகள் முகமும் மறைகின்றன. “உலை அணைஞ்சு போச்சும்மா.” “எரியுதேப்பா!” “அணைஞ்சு போச்சு. போ.” அவள் குதிரையோடு வெளியே வருகிறாள். தேவைக்கு மேலேயே விலகி வழிவிடுகிறோம். “சரி, அடுத்தது யாரோட வேலை?” என்று ஃபெஸ்டஸ் எங்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறார். வேலை கொண்டுவந்தவர் எங்களில் ஒருவர்கூட இல்லை.