கடைசி ரைடு

“உங்களைக் கிழிச்சுத் தொங்க விட்டிருக்கா சார், இந்தப் பூமிகா! தோத்த கையோட மைக் முன்னாடி போய் நின்னிருக்கா” என்றபடி செல்போனை நீட்டினார் குத்தாலம் கபடி கிளப் செயலாளர் நெடுமாறன்.

கோச் ராஜசேகர் வீடியோவை முழுசாகப் பார்த்தார்.

“கனிமொழிக்குக் காலே எழும்பலையாம். அவளை நீங்க கடைசி ரைடுக்கு அனுப்பினதாலதான் கப்பு போச்சாம். டீமை விட்டே தூக்கிடுவோம் சார் இவளை.”

“இன்னொரு தடவை போடுங்க.”

போட்டார்.

“இதை எனக்கு அனுப்புங்க. அவ அம்மாகிட்ட காட்டணும்.”

“காட்டுங்க. அவங்களே நாலு அறை விடட்டும்!”

புருஷனை இழந்த காளியம்மாளை ராஜசேகர் கல்யாணம் செய்துகொண்டபோது, பூமிகா பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அன்றிலிருந்து மைதானத்தில் மட்டுமல்ல, வீட்டில் சாப்பிடக் கூப்பிடும்போதும் அவளுக்கு அவர் ‘சார்’தான். அவரும் திருத்தியதில்லை.

செல்போனை வாங்கிச் சத்தத்தைக் கூட்டி, காதோடு வைத்துக்கொண்டார்.

மூக்கை உறிஞ்சியபடி பூமிகா கத்திக்கொண்டிருந்தாள்: “யாரு என்ன சொன்னாலும் சரி, எங்க அப்பா செஞ்சது தப்பு!”