நாற்பது நீர்நாய்கள்

"ஆம்புரோஸ் அண்ணே, இந்த ஒன்பது போட்டிருக்கிற எடத்துல நீர்நாய் இருந்தே ஆவணும். கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுலா!"

டோரிஸ் லாண்ட்ரோவரின் முன்பக்கத்தில் காகிதத்தை விரித்தாள். மலேசியாவின் பேராக் மாநிலமே பொடிப்பொடி எண்களாக அச்சாகியிருந்தது. எண் கூடக்கூட நீர்நாய் இருக்க வாய்ப்பும் கூடும். பாகான் செராய் வாய்க்காலோரத்தில் மட்டும் ஒரே ஒன்பதுகள்.

ஆஸ்திரேலியாவில் அவள் கற்றுவந்த புது வித்தை இது. நீர்நாயைப் பார்த்த இடங்களைக் கொடுத்தால் போதும். அங்கெல்லாம் வெயில் எவ்வளவு, மழை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு பக்கம் என்று கணக்குப் போட்டு, அது வேறு எங்கே வாழும் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். பார்த்து எழுதிவருவது ஆம்புரோஸின் வேலை. கோப்பெங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவர். காடுமேடு தெரிந்தவர் என்று நம்பி, மோட்டார் சைக்கிளும் கொடுத்து ஈப்போ வனவிலங்கு அலுவலகத்தில் வைத்துக்கொண்டார்கள். மனிதர் ஒரே வருடத்தில் நாற்பது இடங்களை எழுதிக் குவித்துவிட்டார்.

"பாகான் செராயா? அந்தப் பக்கம் நான் போனதே இல்ல மிஸ்."

"அதான் அண்ணே வேணும்! நீங்க பார்க்காத எடத்துலயும் இருந்தாத்தான் இந்தக் கணக்கு செல்லும். நாளைக்குத் தலைமை ஆபீஸ் பெரியவர் வாராரு. ஒரு போட்டோகூட இல்லனா திட்டத்தையே மூடிருவாரு."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. இரண்டு வருட உழைப்பு.

"இப்ப வெயிலு மிஸ். விடியக்காலையில போலாமே?"

"நாப்பதையும் நீங்க மத்தியானம் ரெண்டு மணிக்குத்தானே பார்த்திருக்கீங்க? ஏறுங்க."

ஆம்புரோஸ் தலையைச் சொறிந்துகொண்டே ஏறினார்.

பாகான் செராயில் வெயில் மண்டையைப் பிளந்தது. வாய்க்கால் கரையில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். டோரிஸ் கேமராவும் கையுமாகப் புதருக்குப் பின்னால் பதுங்கினாள். அரை மணி நேரம் கொசுக்களுக்கு விருந்து. அலுத்துப்போன ஆம்புரோஸ் மரத்துக்கு அந்தப் பக்கம் போனார்.

"மிஸ்! ஓடியாங்க! கம்ப்யூட்டர் சொன்ன எடத்துலயே இருக்கு!"

டோரிஸ் செருப்பை விட்டுவிட்டு விழுந்தடித்து ஓடினாள்.

மரத்தடியில் ஒரு தள்ளுவண்டி. முன்னால் முக்காலியில் ஆம்புரோஸ். கையில் தேங்காய்ப்பாலும் ஐஸும் வழியும் செண்டோல் கிண்ணம்.

"கெட்டிக்காரக் கம்ப்யூட்டருதான் மிஸ்! நான் உக்காந்து எழுதுன நாப்பது செண்டோல் கடையை வச்சே, நாப்பத்தொண்ணாவது கடையைக் கண்டுபுடிச்சிருச்சே!"