பக்கத்து வீட்டுத் தூக்கம்

“முதல்ல அந்தக் கிரைண்டரை நிறுத்து லீலா!”

ஷூவைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்த தேவநேசன், தானே ஸ்விட்சை அணைத்தான். கல் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

“என்னங்க ஆச்சு? இன்னும் கொஞ்ச நேரம் ஓடினா உளுந்து பொங்கி வந்துடும்” என்றாள் ஜெயலீலா.

“உளுந்து பொங்கறது இருக்கட்டும். போஸ்ட் ஆபீஸ்ல பக்கத்து வீட்டு எர்ல் என்னைப் புடிச்சுக்கிட்டார். ‘காலைல உங்க வீட்ல கடகடன்னு ஒரு சத்தம் வருதே, அது என்ன?’ன்னு கேக்கறார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னத்தைச் சொல்றது? ‘சாரி சார், இனிமே வராது’ன்னு சொல்லிட்டு ஓடி வந்துட்டேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். நான் நிக்கலை.”

டெக்ஸாஸில் அந்தச் சின்ன ஊரே ஒரு பருத்தி மில்லைச் சுற்றி வளர்ந்தது. குடியிருக்கிற வீடுகள்கூட மில்லுக்குச் சொந்தம். வரிசையாக மர வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ‘பிளெஸ் யூ’ சொல்வார்கள். வீடுகளுக்குப் பின்னால் இருந்த பழைய தறிக் கூடத்தை அந்த எண்பத்திநாலாம் வருஷம்தான் இழுத்துப் பூட்டியிருந்தார்கள். ஊருக்கு அந்தக் கோடியில் கட்டிய புது ஸ்பின்னிங் பிரிவுக்கு, கோயமுத்தூர் மில் அனுபவத்தை நம்பி தேவநேசனை எடுத்திருந்தார்கள். வந்து சில மாதங்கள்தான் ஆகிறது.

“அந்த மனுஷன் ஆயுசு பூரா தறியில கிடந்தவர் லீலா. பாவம், இப்பத்தான் ரிடையர் ஆகியிருக்கார். இனிமேலாவது நிம்மதியா தூங்கலாம்னு பார்த்தா, நீ வீட்டுக்குள்ளயே மில்லு வெச்சு ஓட்டறே!”

“வாரத்துக்கு நாலு நாள் ஓட்டறது ஒரு குத்தமா?”

“அவரோட மச்சினன்தான் இந்த வீட்டுக்கெல்லாம் மேனேஜர், தெரியுமில்ல? போன வருஷம் நாய் குலைக்குதுன்னு ஒரு குடும்பத்தையே காலி பண்ண வெச்சாங்களாம். நம்ம கிரீன் கார்டுக்கு மில்தான் கையெழுத்துப் போடணும். இட்லிக்காக அதையும் கெடுத்துக்கணுமா?”

ஜெயலீலா கிரைண்டரைப் பார்த்தாள். அண்ணன் கப்பலில் அனுப்பி வைத்த கிரைண்டர் அது. ‘கல்லைச் சுமந்துகிட்டு அமெரிக்கா போறவ நீ ஒருத்திதான்’ என்று தேவநேசன் அப்போதே கேலி செய்தான். கேலி செய்தவனேதான் அமெரிக்கக் கரண்ட்டில் அது ஓடுவதற்கென்று ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் தேடி வாங்கி வந்தான். கார் ஓட்டத் தெரியாது, பகலெல்லாம் வாய் திறந்து பேச ஆளில்லை. அந்தச் சத்தம் இருக்கும்வரை வீட்டில் யாரோ இருப்பதுபோல இருக்கும். அதனால்தான் மாவு மிஞ்சினாலும் பரவாயில்லை என்று அரைத்துத் தள்ளினாள்.

கம்பளியை நாலாக மடித்துக் கிரைண்டருக்கு அடியில் போட்டுப் பார்த்தாள். குளியலறைக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தியும் பார்த்தாள். சத்தம் குறைந்தபாடில்லை. கடைசியில் கல்லைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மேலே ஒரு பழைய புடவையைப் போர்த்தி மூடினாள். வீட்டில் காலையும் மாலையும் ரொட்டிதான்.

சத்தம் நின்ற பிறகாவது எர்ல் சமாதானம் ஆனாரா என்றால், அதுதான் இல்லை. முகம் முன்னைவிடக் கடுகடுவென்று ஆனது. விடிந்தால் வேலி ஓரம் வந்து நின்று இவர்கள் சமையலறை ஜன்னலையே பார்த்தார். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே இவர்களை நோக்கி வந்தார்.

“லீலா, வர்றார். நீ பின்பக்கமாப் போய் கார்ல உக்காரு” என்று கிசுகிசுத்தான் தேவநேசன்.

“பாஸ்டருக்கு இன்னும் கைகூடக் கொடுக்கலையேங்க.”

“வீடு போனா பாஸ்டரா கொடுப்பார்? நட, நட!”

செவ்வாய்க்கிழமை காலை தேவநேசன் வேலைக்குப் போன பிறகு கதவு தட்டப்பட்டது. ஜெயலீலா ஜன்னல் வழியே பார்த்தாள். எர்ல்தான். ஒரு கையில் தொப்பி, இன்னொரு கையில் மூடி போட்ட ஒரு தட்டு. கதவைத் திறந்தவள், காலி செய்யச் சொல்கிற பேப்பர் ஏதும் இருக்குமோ என்று அந்தத் தட்டின் அடியைக்கூடப் பார்த்தாள்.

“என் வீட்டுக்காரி ஆப்பிள் பை கொடுத்தனுப்பினா” என்று தட்டை நீட்டினார். பிறகு தயங்கினார். “அம்மா... அந்த மெஷின்...”

“போடலை சார்! அன்னையிலேருந்து தொடவே இல்லை!” தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் படபடவென்று கொட்டினாள். “வேணும்னா உள்ளே வந்து பாருங்க, மூடித்தான் வெச்சிருக்கேன். எங்களைக் காலி மட்டும் பண்ணச் சொல்லாதீங்க.”

“காலியா? யாரு சொன்னா?” கிழவர் விழித்தார். “நான் உன் புருஷனைத் துரத்தித் துரத்தி வந்தது வேற விஷயத்துக்கு.”

அவர் தொப்பியைக் கையில் சுழற்றினார்.

“நான் பொறந்ததே இந்தப் பக்கத்து வீட்லதான். பின்னாடி தறி ஓடற சத்தம் கேட்டாத்தான் எனக்குக் கண் மூடும். ஷெட்டைப் பூட்டினதுலேருந்து பொட்டுத் தூக்கம் இல்லை. உன் மெஷின் ஓடின காலையிலதான் கொஞ்சம் தூங்கினேன். அதை மறுபடியும் போட முடியுமாம்மா?”

வீட்டில் அரிசியும் ஊறவில்லை, உளுந்தும் ஊறவில்லை. புடவையை உருவிப் போட்ட ஜெயலீலா, கல்லை நிமிர்த்தி வைத்து, கிரைண்டரில் இரண்டு செம்பு வெறும் தண்ணீரை ஊற்றி ஸ்விட்சைப் போட்டாள்.