சம்பந்திக்குத் தெரியக் கூடாது

ஹாங்காங்கில் நான் பரிமாறும் விருந்து மண்டபத்தில் அன்று யிப் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். இங்கே கல்யாண விருந்தில் விலை உயர்ந்த சுறாத் துடுப்பு சூப் போடுவதுதான் கௌரவம். யிப் மறுபடியும் சமையற்கட்டுக்கு ஓடி வந்தார்.

“அண்ணே, சுறாத் துடுப்பு சூப்புல கிடக்கறது வெறும் பாசிப்பயறு சேமியான்னு சம்பந்திக்குத் தெரிஞ்சா என் மானமே போச்சு. சுறாவைக் கொன்னா கல்யாணமே வேண்டாம்னுட்டா என் மக!”

“நான் வாயே திறக்க மாட்டேன். போய் உட்காருங்க.”

சூப்பைப் பரிமாறினோம். மாப்பிள்ளையின் அப்பா மோக் கரண்டியால் கிளறினார், முகர்ந்தார், குடிக்காமல் கிண்ணத்தோடு எழுந்து நேரே என்னிடம் வந்தார். தூரத்தில் யிப்பின் முகம் வெளுத்தது.

“உண்மையைச் சொல்லு. இது நிஜத் துடுப்பா?”

“சத்தியமா நிஜம், ஐயா.”

மோக் தலையில் கைவைத்தார். “போச்சுடா! துடுப்பை அறுத்துட்டு சுறாவை உயிரோட கடல்ல வீசறதைப் பேத்திக்குப் பள்ளிக்கூடத்துல படம் போட்டுக் காட்டியிருக்காங்க. இனிமே தொடமாட்டேன்னு அவகிட்ட வாக்குக் கொடுத்துட்டேன். குடிக்காம விட்டா சம்பந்தி மனசு நோகும். இதே மாதிரி சேமியா போட்டு ஒண்ணு கொடேன். அவருக்குத் தெரியக் கூடாது.”

உள்ளே போய், அதே அண்டாவிலிருந்து இன்னொரு கிண்ணம் மொண்டு வந்தேன்.

மோக் மேசைக்குப் போய் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். காலிக் கிண்ணத்தை யிப்பிடம் தூக்கிக் காட்டினார்.

“துடுப்புன்னா இதுதான் துடுப்பு, சம்பந்தி!”